ஸ்டாஃப் ரூமில் ஒரு கேமரா

ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை நடத்தத் தொடங்கினால் முதல் வாரத்திலேயே யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுவார்: "சார், அந்த டெலிஸ்கிரீன்ல எந்நேரமும் ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருப்பாரா?" இல்லை. டெலிஸ்கிரீன் என்பது பார்ப்பவரையே திருப்பிப் பார்க்கும் டிவி. எந்த நேரத்தில் யாரைப் பார்க்கிறார்கள் என்று எவருக்கும் தெரியாது, விஷயமே அதுதான். அதனால் கதையின் நாயகன் வின்ஸ்டன் தன் முகத்தைக்கூட எந்நேரமும் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். இதை விளக்க எனக்குக் குறிப்பு எதுவும் தேவைப்படுவதில்லை. நானே 3 வருஷம் அப்படி இருந்தவன்.

கும்பகோணத்தில் கல்லூரி வேலைக்கு வருவதற்கு முன் மன்னார்குடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன். ஒரு ஜூன் மாதம், மேட்டூர் தண்ணீர் இன்னும் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேராத சமயம், லீவு முடிந்து போனால் ஸ்டாஃப் ரூமில் தண்ணீர்ப் பானைக்கு நேர் மேலே ஒரு கேமரா. பேச்சும் பதிவாகும் என்றார்கள். முதலில் யார் அப்படிச் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து டிபன் பாக்ஸைத் திறந்து "இன்னைக்கு என்ன குழம்பு" என்று கேட்பதோடு சரி. சம்பளம் 2 மாதம் பாக்கி, அதைப் பேச சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனோம், அங்கேயும் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்போம்.

அந்தக் கேமராவை யாரும் உட்கார்ந்து பார்க்கவே இல்லை. ஆபீஸில் இருந்த பையன் ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னான். 15 நாள் பதிவு நிற்கும், அப்புறம் தானாக அழிந்துவிடும், மைக்கே கிடையாது. அப்படியென்றால் நாங்கள் பேசியது தாளாளர் காதுக்கு எப்படிப் போனது? எங்களில் ஒருவர்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த மாதிரி நாவல்களில் நம் மனதில் நிற்பது சிறையும் சித்திரவதையும் எலிக்கூண்டும்தான். ஆனால் '1984'இல் வின்ஸ்டனின் பக்கத்து வீட்டுக்காரர் பார்சன்ஸைக் காட்டிக்கொடுப்பது அவருடைய 7 வயது மகள். தூக்கத்தில் அப்பா, நாட்டை ஆளும் பெரியண்ணனுக்கு எதிராக உளறியதைச் சாவித் துவாரம் வழியாகக் கேட்டுவிட்டு, மறுநாளே போய்ச் சொல்லிவிடுகிறாள். லாக்கப்பில் உட்கார்ந்துகொண்டு அந்த மனிதர் மகளை நினைத்துப் பெருமைப்படுகிறார்! மார்கரெட் அட்வுட் 1985இல் எழுதிய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலில் கடைக்குப் போகும் பெண்கள் இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும். பாதுகாப்புக்கு என்று பேர், உண்மையில் ஒருத்திக்கு இன்னொருத்தி காவல். அரசாங்கத்துக்கு இதில் பைசா செலவில்லை. ஆர்வெல்லுக்கு இதெல்லாம் தெரிந்ததில் ஆச்சரியமில்லை, 1922 முதல் 1927 வரை பர்மாவில் பிரிட்டிஷ் போலீஸ் அதிகாரியாக இருந்தவர், பயத்தை அதிகாரத்தின் பக்கம் நின்றே பார்த்தவர். சித்திரவதையின் கடைசிக் கட்டமான 101ஆம் அறைக்குக் கொண்டுபோகும்போது வின்ஸ்டனிடமிருந்து வாங்க ரகசியம் எதுவும் பாக்கியில்லை, எல்லாவற்றையும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டான். என்னை விட்டுவிடுங்கள், ஜூலியாவுக்குச் செய்யுங்கள் என்று காதலியையே காட்டிக்கொடுக்கும் வார்த்தை அவன் வாயாலேயே வர வேண்டும், அதற்காகத்தான் அந்த எலிகள். இந்த இடத்தை வகுப்பில் வாசிக்கும்போது இன்றைக்கும் எனக்குக் குரல் கம்முகிறது.

ஏனென்றால் எங்கள் பள்ளியிலும் ஒருவர் இருந்தார். தமிழ் ஐயா. சம்பள பாக்கியை எல்லோரும் ஒன்றாகப் போய்க் கேட்போம் என்று ஸ்டாஃப் ரூமிலேயே சத்தமாகச் சொன்னவர். மூன்றாம் நாள் தாளாளர் என்னைக் கூப்பிட்டு, மேஜை மேல் இருந்த வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, "அவர் அப்படிச் சொன்னாரா?" என்றார். "நான் கவனிக்கலைங்க சார்" என்றேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, அவர் கேட்டதில் தப்பில்லை, எனக்கும்தான் சம்பளம் வரவில்லை என்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர் நாற்காலி காலி.

இந்த வருஷம் இதை வகுப்பில் சொன்னேன். திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து வரும் ஒரு மாணவி எழுந்தாள். "எங்க தாத்தா சொல்வாரு சார், பண்ணையில ஒருத்தரைக் கட்டி வெச்சு அடிச்சா மத்த ஆளுங்க எல்லாம் நின்னு பார்க்கணுமாம். அடி வாங்கினதைவிட, பார்த்துக்கிட்டு நின்னதுதான் அவருக்குக் கடைசி வரைக்கும் ஆறலை." பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கரைத்துக் கொடுத்த சாணிப்பாலும் சவுக்கடியும் இந்த மண்ணின் வரலாறு, யாரோ கற்பனையில் எழுதியது அல்ல. 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் இங்கே வந்து பண்ணையாட்களைச் சங்கமாகச் சேர்த்தபோது, முதலில் செய்ய வேண்டியிருந்தது அவர்களை ஒருவரோடு ஒருவர் பேச வைப்பதுதான். அந்தத் தாத்தாவின் பேத்தி ஆர்வெல்லை என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலமே பஸ் ஏறித் தமிழ் ஐயா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் சொன்னதையும் சொல்லாததையும் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"போட்டுக் கொடுத்தது யாருன்னு எனக்கு அப்பவே தெரியும் தம்பி. அவரு பையனும் பொண்ணும் அங்கதான் ஃபீஸ் கட்டாம படிச்சுக்கிட்டு இருந்தாங்க" என்றார்.