தொண்டையில் ஒன்றுமே இல்லை என்றார்கள்

குரல் கம்மினால் பாடுகிறவர்கள் எல்லோரும் தொண்டையைத்தான் சந்தேகப்படுவோம். நானும் தொண்டையைக் காட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் அலைந்தேன். எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கிற தம்பிதான், "அக்கா, இதை எழுதிப் போடுங்க, மேடையில பாடற யாருக்காவது உதவும்" என்று நச்சரித்துக்கொண்டே இருக்கிறான். சரி, எழுதிவிடுகிறேன்.

நான் பேர் பெற்ற பின்னணிப் பாடகி இல்லை. சென்னை மெல்லிசைக் குழுக்களில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபீமேல் வாய்ஸ். ஆடி பிறந்தால் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, சைதாப்பேட்டை என்று அம்மன் கோயில் கச்சேரிகள், முகூர்த்த மாதங்களில் ரிசப்ஷன், நடுநடுவே வடபழனி, சாலிகிராமம் பக்கம் கோரஸ், எப்போதாவது ட்ராக். ட்ராக் என்றால் பெரிய பாடகி வந்து பாடுவதற்கு முன்னால் மெட்டு தெரிவதற்காக எங்களைப் பாடவைத்து எடுப்பது, அவர் வந்து பாடியதும் நம் குரல் போய்விடும். அதில் எனக்கு வருத்தமெல்லாம் இருந்ததில்லை, அன்றைக்கே கையில் காசு வந்துவிடும். ஐந்தரைக் கட்டை சுருதியில் மேல் பஞ்சமம் வரை அலட்டிக்கொள்ளாமல் போகும் குரல், அதை நம்பித்தான் வீடு நடந்தது.

முதலில் சண்டை போட்டது சவுண்ட் பையனிடம். பாடுகிறவர்களுக்கே கேட்பதற்காக மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் என் குரலே வரவில்லை, ஏற்று ஏற்று என்பேன், அவன் ஏற்றினால் மைக் கீச்சென்று கத்தும். "அக்கா, நீங்க முன்ன மாதிரி பாடலக்கா" என்று அவன் ஒரு நாள் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டில் என் வீட்டுக்காரர் நான் எதைச் சொன்னாலும் என்ன, என்ன என்று கேட்க ஆரம்பித்தார், காது மந்தமாகிவிட்டது என்று முடிவுகட்டி டெஸ்ட் எடுக்க அனுப்பினேன். அவர் காது சுத்தமாக இருந்தது. பிருகாக்கள், அதாவது வேகமாக உருட்டிப் பாடுகிற இடங்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொழகொழவென்று விழுந்தன, நீளமான வரியின் கடைசி வார்த்தை காணாமல் போனது. ஒரு ரிசப்ஷனில் பெண்ணின் அப்பா வந்து, அந்தம்மா ஏன் உர்ரென்று நிற்கிறார், கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்கள் என்று எங்கள் குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன். இதற்கெல்லாம் ரொம்ப முன்னாலேயே டிகாக்ஷன் இறங்கும் வாசனை எனக்கு வருவது நின்றுபோயிருந்தது. அதையும் குரலையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாக கேமராவை விட்டுப் பார்த்தார். கட்டி இல்லை, குரல் நாண்கள் இரண்டும் அசைகின்றன, மூடும்போது மட்டும் நடுவில் லேசாக இடைவெளி. வயசாகிறது, அசிடிட்டியும் இருக்கும் என்று மாத்திரை எழுதி, காபி, காரம், ராத்திரிச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு போட்டார். சொந்தக்காரர்கள் சித்தரத்தை, பனங்கற்கண்டு, திருஷ்டி சுற்றுவது. குழுவில் இருந்தவர்கள் பாடகி மின்மினியைச் சொல்லித் தைரியம் கொடுத்தார்கள்: ரோஜாவில் பாடிய அவருக்கு 1993இல் லண்டன் மேடையில் குரல் நின்றுபோய், ரொம்ப நாள் கழித்து மெல்லத் திரும்பியதே, உனக்கும் வரும் என்று. இன்னும் சாதகம் பண்ணு என்றவர்களும் உண்டு. பண்ணினேன், பண்ணப் பண்ண அசதிதான் கூடியது.

விஷயம் வெளியே வந்தது என் பாட்டு நோட்டால். ஒவ்வொரு பாட்டுக்கும் கட்டை, எங்கே எடுக்க வேண்டும், எந்த இடத்தில் கோரஸ் என்று கையால் எழுதி வைப்பது என் பழக்கம். புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் காப்பி எடுத்துக்கொள்ளக் கொடுத்தேன். பழைய பக்கங்களைச் சுலபமாகப் படித்தவள் கடைசிப் பக்கங்களைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். வரி ஒழுங்காகத்தான் ஆரம்பிக்கிறது, போகப் போக எழுத்து கடுகாகி, வலது ஓரத்தில் வெறும் கோடு. அந்த நோட்டையே குரல் பயிற்சி தருகிற ஒரு ஸ்பீச் தெரபிஸ்டிடம் எடுத்துப் போனேன், பாடகிகளைப் பார்த்துப் பழக்கமுள்ளவர் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தத் தெரபிஸ்ட் என் தொண்டையைத் தொடவே இல்லை. நோட்டைப் பார்த்தார், நான் நடந்து வரும்போது இடது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு வருவதைக் கவனித்தார், நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதினார்.

நரம்பு டாக்டர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகலமாகத் திறந்து திறந்து தட்டச் சொன்னார். சின்ன வயசிலிருந்து தாளம் போட்ட கை, இதென்ன பெரிய வேலை என்றுதான் ஆரம்பித்தேன். வலது கை பரவாயில்லை. இடது கையில் முதல் நாலைந்து தட்டு அகலம், பிறகு குறுகிக் குறுகி, விரல் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. அடுத்து மூச்சு இருக்கும்வரை "ஆ" சொல்லச் சொன்னார், அதுவும் அப்படியே சுருங்கியது. எழுத்து, விரல், குரல் மூன்றும் ஒரே மாதிரி பெரிதாகத் தொடங்கித் தேய்கின்றன என்று அவர் சொல்வதற்கு முன்னாலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பார்க்கின்சன்.

நடுக்கமே இல்லையே டாக்டர் என்றேன். நடுக்கம் இல்லாமலும் வரும், வாசனை போவது பல வருஷம் முன்னாலேயே வரும் அடையாளம் என்றார். மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் சுரக்கிற செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன, அசைவு எதுவாக இருந்தாலும் அதன் அளவு குறைந்துவிடுகிறது, குரலும் ஓர் அசைவுதானே. எம்ஆர்ஐ எடுத்தது வேறு எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான்.

லெவோடோபா மாத்திரை ஆரம்பித்தார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், பருப்பு, தயிர் போன்ற புரதம் கூடவே போனால் மருந்து சரியாக ஏறாது. சில வாரங்களில் புடவை மடிப்பு எடுக்க வந்தது, பீன்ஸ் நறுக்க வந்தது. குரல் மட்டும் அவ்வளவாக அசைந்து கொடுக்கவில்லை. கை காலுக்குக் கேட்கிற அளவுக்கு இந்த மருந்து குரலுக்குக் கேட்காது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், அதனால் ஏமாற்றம் கொஞ்சம் குறைவு.

குரலுக்கென்று தனிப் பயிற்சி இருக்கிறது. எல்எஸ்விடி லவுட் என்று பெயர், 1987இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதில் முதலில் வரும் எல், எஸ் இரண்டும் லீ சில்வர்மன் என்ற பார்க்கின்சன் நோயாளியின் பெயர், அந்த அம்மா பேசுவது காதில் விழுந்தால் போதும் என்று அவர் குடும்பம் ஏங்கியதாம். வாரம் நான்கு நாள், நான்கு வாரம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், வீட்டுப்பாடம் தனி. சுருக்கமாகச் சொன்னால் சத்தமாகப் பேச வேண்டும், அவ்வளவுதான். தொண்டையைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றியே பழகியவளுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று பாடுகிறவர்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெருவே கூடிவிடும்போலக் கத்துவதாக இருக்கும், டெசிபல் மீட்டரைத் திருப்பிக் காட்டினால் சாதாரணப் பேச்சு அளவுதான் வந்திருக்கும். பதிவு செய்து போட்டுக் காட்டியபோதுதான் நம்பினேன். சவுண்ட் பையன் சொன்னது சரி. என் மூளை தன் சத்தத்தைத் தானே தப்பாக அளந்துகொண்டிருந்தது.

தினமும் சொல்கிற வாக்கியங்கள் பத்து எழுதி வரச் சொல்வார்கள், அவற்றை உரக்கச் சொல்லிப் பழக வேண்டும். என் பட்டியலில் "கீரை கட்டு எவ்வளவு", "லஸ் கார்னர்ல நிறுத்துங்க", "கேஸை அணைச்சாச்சா" எல்லாம் இருந்தன. ஆட்டோக்காரர் முதல் தடவையிலேயே திரும்பிப் பார்த்தபோது எனக்கு ஒன்ஸ் மோர் வாங்கிய சந்தோஷம்.

பாட்டு? அது திரும்பவில்லை. கீழிருந்து மேலே குரலை ஏற்றுகிற பயிற்சியில் பஞ்சமத்துக்குக் கீழே இருக்கிற மேல் ஷட்ஜத்துக்கே முட்டும், நின்றாலும் ஆடும். நாலு கட்டைக்கு இறக்கி, வேகம் குறைத்து, வீட்டில் ஒரு பல்லவி பாடலாம், சரணம் வராது. பேச்சு வந்துவிட்டால் பாட்டும் வந்துவிடும் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் மகள் லிண்டா ரான்ஸ்டட்டைப் பற்றி ஒரு வீடியோ அனுப்பினாள். ராக், கன்ட்ரி, ஸ்பானிஷ் என்று எல்லாம் பாடிய பெரிய பாடகி, 2009க்குப் பிறகு கச்சேரி இல்லை, 2013இல் பார்க்கின்சன் என்றார், பிறகு டாக்டர்கள் அதே சாயலில் இருக்கும் பிஎஸ்பி என்ற வேறொரு நோய் என்று மாற்றிச் சொன்னார்கள். அதைப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கமில்லை. மறுமுறை டாக்டரிடம் கேட்டேன். ஆரம்பத்தில் இரண்டையும் பிரிப்பது சுலபமில்லை, மாத்திரைக்கு உங்கள் கை நன்றாகக் கேட்பது நல்ல அறிகுறி, இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். மழுப்பாமல் சொன்னது பிடித்தது.

நடை தடுமாறும்போது தாளம் உதவுகிறது. நாகேஸ்வரராவ் பூங்காவில் போனில் தாளம் தட்டுகிற மெட்ரோனோம் போட்டுக்கொண்டு அடிக்கு ஓர் அட்சரமாக நடக்கிறேன், காலடி நீளமாக விழுகிறது. வருமானம்தான் பிரச்சனை, எங்களைப்போல் ராத்திரிக் கச்சேரியில் பிழைத்தவர்களுக்கு ஓய்வூதியம் ஏது? இயல் இசை நாடக மன்றத்தில் நலிந்த கலைஞர்களுக்கான மாத உதவித்தொகைக்கு மனு போட்டிருக்கிறேன். பழைய கச்சேரி நோட்டீஸ், அழைப்பிதழ், போட்டோ எதையும் தூக்கிப் போடாதீர்கள், கலைஞர் என்று காட்ட அதெல்லாம் வேண்டியிருக்கும்.

என் பாட்டுகளை இப்போது அந்தப் புதுப் பெண்தான் பாடுகிறாள். கோரஸ் பிரித்துக் கொடுக்க ரிகர்சலுக்கு நான் போகிறேன், ஆட்டோ காசும் ஒரு சின்னத் தொகையும் தருகிறார்கள். அதனால் வாக்கியப் பட்டியலில் கீரையை எடுத்துவிட்டு "சுருதி இறங்குது, திரும்ப எடு" என்று சேர்த்திருக்கிறேன். டிரம்ஸ் ஓடும்போது இன்னும் கேட்கவில்லை என்கிறாள்.