கார் நெல் எந்த ஆண்டின் கணக்கு?

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு தாமிரபரணிப் பாசனப் பகுதியின் பொருளாதார வரலாற்றைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் எனக்கு, பழைய கணக்குகளின் எண்களை அட்டவணையில் ஏற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் இத்துறையின் உண்மையான ஆய்வுமுறை என்ற எண்ணம் வலுத்துக்கொண்டே வந்திருக்கிறது.

ஆண்டையே எடுத்துக்கொள்வோம். வருவாய்த்துறை பசலி ஆண்டில் எழுதியது. பசலியோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும், தொடக்கம் ஜூலை 1. இப்பக்கத்து ஓலைகளிலும் பழைய வீட்டுக் கணக்குகளிலும் கொல்லம் ஆண்டு வழங்கியது. அது ஆவணியில் பிறக்கும். ஆனியில் பயிராகிப் புரட்டாசி வாக்கில் அறுவடையாகும் கார் நெல்லுக்கு விதைச்செலவு ஒரு கொல்லம் ஆண்டிலும் கண்டுமுதல் (கிடைத்த விளைச்சல்) அடுத்த ஆண்டிலும் விழுவதால், ஆண்டுவாரியாகக் கூட்டுகிறவர் ஒரு போகத்தின் செலவை வேறொரு போகத்தின் வரவோடு சேர்த்துவிடுகிறார். காருக்கு அடுத்து வரும் பிசானப் போகம் முழுவதும் ஒரே கொல்லம் ஆண்டுக்குள் அடங்குவதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

அளவைகள் இன்னும் கடினமானவை. நெல்லை அளப்பதும் கோட்டை, நிலத்தைச் சொல்வதும் கோட்டை விதைப்பாடு, அதாவது அத்தனை கோட்டை விதை கொள்ளும் பரப்பு; கோட்டையின் உட்பிரிவான மரக்காலோ ஊருக்கு ஊர் மாறும். கூலி நெல்லாகவே அளக்கப்பட்ட காலத்தில், அந்த மரக்கால் எவ்வளவு கொண்டது என்று தெரியாமல் கூலி உயர்ந்ததா தாழ்ந்ததா என்று பேச இடமில்லை.

1980இல் ஊர்க் கணக்கை எழுதிவந்த கர்ணம், ஊர்த் தலைவரான கிராம முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பரம்பரை அதிகாரம் போனது நியாயமே. ஆனால் அந்தக் கணக்குகளின் கையெழுத்தையும் பின்னக் குறிகளையும் சரளமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் அதன்பின் அருகிவிட்டார்கள். மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறிகள் 2019இல் ஒருங்குறியில் (யூனிகோடு) இடம்பெற்றதை நான் பெரிய வாய்ப்பாகக் கருதுகிறேன்: ஏட்டில் உள்ளபடியே அவற்றைக் கணினியில் பதியலாம், நாளடைவில் இயந்திர வாசிப்புக்கும் பழக்கலாம்.

இனி ஆய்வு செல்ல வேண்டிய திசை வீட்டுச் சிட்டைகளும் (அன்றாட வரவு செலவுக் குறிப்புகள்) கடைப் பேரேடுகளும்தான் என்பது என் உறுதியான கருத்து. அரசு ஆவணம் வரி தரும் நிலத்தைத் தேடி எழுதப்பட்டது. நடவு நட்ட பெண்ணும் செம்மணல் தேரிக்காட்டில் பனங்கருப்புக்கட்டி காய்ச்சியவளும் அதில் அரிதாகவே தென்படுகிறார்கள். சிட்டையில் அவர்களுக்கு அளந்த நெல்லாவது பதிவாகியிருக்கும். படமெடுக்கும்போது எந்தச் சிட்டை எந்த வீட்டில் எந்த ஏட்டோடு சேர்ந்திருந்தது என்பதையும் குறிக்க வேண்டும். ‘மேற்படியாளுக்கு நெல்’ என்று ஒரு பக்கம் தொடங்கினால், அந்த ஆள் யார் என்பதை முந்தைய ஏடுதான் சொல்லும்.