கட்டம் நிற்கிறது, கோடு போகிறது

ஜூன் 3

அலமாரியை ஒழிக்கும்போது அப்பாவின் பழைய ஈசிஜி தாள் கிடைத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால், நெஞ்சு வலிக்கிறது என்று அவரை அழைத்துக்கொண்டு ஓடிய ராத்திரி எடுத்தது. இளஞ்சிவப்புக் கட்டங்கள் நேற்று அச்சடித்த மாதிரி இருக்கின்றன. அவற்றின் மேல் ஓடிய கறுப்புக் கோடுதான் வெளிறிவிட்டது. சில இடங்களில் கண்ணை இடுக்கிக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும், பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன்.

ஜூன் 4

அந்த உறைதான் வினை. இது தெர்மல் தாள், இதில் மையே கிடையாது. தாளின் மேல் பூசிய பூச்சில் நிறமில்லாத சாயமும் அதைக் கறுக்க வைக்கும் அமிலமும் பக்கத்துப் பக்கத்தில் காத்திருக்கும். சூடான முனை பட்ட இடத்தில் இரண்டும் உருகிக் கலந்து கறுக்கும். வெயில் பட்டால் வெளுக்கும். சிலவகை பிளாஸ்டிக் உறைகளில் இருக்கும் மென்மையாக்கும் பொருள் பட்டாலும் வெளுக்கும். கட்டங்கள் மட்டும் சாதாரண அச்சு மை, அதனால் அவை தப்பித்தன.

நாலு வருஷமாக நான் காப்பாற்றிய லட்சணம் இது.

ஜூன் 7

தாளை வெட்டி நான் செய்யும் கலை கிலை எல்லாம் அப்புறம். முதலில் ஸ்கேன் எடுத்து, சாதாரண தாளில் இரண்டு நகலும் போட்டேன். அடுத்த முறை டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்கப் பழசு வேண்டும். ஆக, தகவல் பிழைத்துவிட்டது. என் கையில் இருப்பது தகவல் அல்லாத மிச்சம்.

ஜூன் 8

டென்மார்க் கலைஞர் பீட்டர் காலெசனின் வேலைகளை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு ஏ4 தாளில் வெட்டி, வெட்டியதை அதே தாளின் மேல் உருவமாக நிறுத்துவார். உருவம் எழுந்து வந்த இடம் ஓட்டையாக அப்படியே கிடக்கும். எனக்கு எப்போதும் அந்த ஓட்டைதான் பிடிக்கும்.

கோட்டின் மேலேயே வெட்டினால் என்ன? சாயம் போனாலும் பிளவு போகாதே.

ஜூன் 12

மூன்று துடிப்பு முடிந்தது. அன்றைக்கு ஈசிஜி எடுத்தபோது மெஷினில் தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே சரியாக நாலு பெரிய கட்டம், அதாவது 20 மில்லிமீட்டர், 0.8 நொடி. அதை வெட்ட எனக்கு இருபது நிமிஷம் ஆகிறது. 30 சென்டிமீட்டர் துண்டில் பதினைந்து துடிப்பு. அப்பாவுக்குப் பன்னிரண்டு நொடி, எனக்கு ஒரு வாரம்.

முதலில் ஒரு முட்டாள்தனம் செய்யப் பார்த்தேன். கோட்டை முழுக்க வெட்டினால் தாள் மேல்பாதி கீழ்பாதியாகப் பிரிந்துவிடும் என்பது கத்தியை வைத்த பிறகுதான் உறைத்தது. எங்காவது பாலம் விட வேண்டும். கூர்முனைகளை வெட்டிவிட்டு, இரண்டு துடிப்புக்கு நடுவே கோடு சும்மா படுத்துக் கிடக்கும் இடத்தைத் தொடாமல் விட்டேன். இதயம் ஓய்ந்திருந்த இடங்கள்தான் இப்போது தாளைச் சேர்த்துப் பிடித்திருக்கின்றன.

நகம் உரசினால் கறுப்பு விழுகிறது. அந்தச் சூடே போதும் போல. ஓரத்தில் என் கட்டைவிரல் நகத்தின் பிறை ஒன்று பதிந்துவிட்டது. கிடக்கட்டும்.

ஜூன் 13

கழுத்து வலி. ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 17

ஒன்பதாவது துடிப்பு கிழிந்தது. கூர்முனையின் உச்சியில் கத்தியைத் திருப்பும்போது ஒரு மயிரிழை கூடிப்போய், கிழிசல் மேல் ஓரம் வரை ஓடிவிட்டது. பின்னால் மெல்லிய ஜப்பானியத் தாளை ஒட்டலாம்தான், ஆனால் பசை இந்தப் பூச்சை என்ன செய்யுமோ என்று பயம். எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அது அன்னைக்கே சரியில்லாத துடிப்பா இருக்கும், விடு."

பேச்சு மாறட்டும் என்று மேரி டிலேனியைப் பற்றிச் சொன்னேன். 1700இல் பிறந்த ஆங்கிலேயப் பெண்மணி. வண்ணத் தாள்களை இதழ் இதழாக வெட்டிக் கறுப்புப் பின்னணியில் ஒட்டிப் பூக்கள் செய்ய ஆரம்பித்தபோது அவருக்கு வயது 72. பத்து வருஷத்தில், கண் பார்வை கைவிடும் வரை, 985 பூ. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

"எழுபத்திரண்டா? அப்ப நான் இன்னும் லேட் இல்லை" என்றார் அப்பா. போன மாதம்தான் அவருக்கு எழுபத்திரண்டு முடிந்தது.

ஜூலை 1

ஜன்னலில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். வெயில் படக் கூடாது என்று தெரியும். தெரிந்துதான் தொங்கவிட்டேன். காலையில் எதிர்ச்சுவரில் ஒரு நிழல் பட்டை, அதற்குள் பதினைந்து வெளிச்சக் கீறல்கள், ஒன்பதாவது மட்டும் கொஞ்சம் நீளம். ஃபேன் போட்டால் அவ்வளவும் சேர்ந்து நடுங்குகிறது. நகப் பிறை சுவரில் தெரியவில்லை.

ஜூலை 9

பாலங்களில் இருந்த கறுப்பு ஏறக்குறைய போய்விட்டது.

அப்பா இன்று செக்கப் போய்வந்தார். மேஜையில் புது ஈசிஜி, கோடு கன்னங்கரேலென்று. "இதை இப்போதைக்கு வெட்டாதே" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

பிளாஸ்டிக் உறையில் போட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறார். உருவி எடுத்து ஒரு காகித உறைக்கு மாற்றினேன்.