மூலையில் எழுதியிருந்த வருஷம்

இத்தாலியில் ஓர் ஓவியக் கண்காட்சியில் நான் காவலுக்கு நின்ற படத்தைப் பார்த்து அந்தப் பெரியவர் கேட்டது இரண்டே கேள்விதான். "இது அவரே வரைந்ததுதானா?" என்று முதலில் கேட்டார். ஆமாம் என்றேன், அது உண்மை. "எப்போது வரைந்தார்?" என்று அடுத்துக் கேட்டார். "அவரே வருஷம் எழுதியிருக்கிறாரே, மூலையில் பாருங்கள், 1916" என்றேன். இதிலும் பொய் என்று சொல்லும்படி ஒரு சொல் கிடையாது. ஆனால் மூன்று வருஷமாகியும் இந்த இரண்டாவது பதில் என்னை விடவில்லை. வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து அதை வேறு வேறு மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

படம் இத்தாலிய ஓவியர் ஜோர்ஜோ தெ கீரிகோ வரைந்த இத்தாலியச் சதுக்கங்களில் ஒன்று. இரண்டு பக்கமும் வளைவுத் தூண்கள், நடுவில் படுத்திருக்கும் சிலை, ஆளே இல்லாத தரையில் நீண்டு கிடக்கும் நிழல், தூரத்தில் ரயில். சுவரில் ஒட்டியிருந்த சீட்டிலும் 1916தான். ஆனால் கண்காட்சிக்கென்று அச்சிட்ட தடித்த புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில், இதே படத்துக்கு 1950-களின் தொடக்கம் என்று போட்டிருந்தது. ஆள் வராத மத்தியான நேரங்களில் அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்திருந்ததால் எனக்கு அது தெரியும். கண்காட்சி தொடங்கிய அன்று காலையிலேயே எங்கள் மேற்பார்வையாளர், யாராவது கேட்டால் படத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் சொல்லுங்கள், அதற்கு மேல் நம் வேலை இல்லை, படம் கொடுத்தவர்கள் வருத்தப்படுவார்கள் என்று சொல்லியிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் மேலே ஆள் இருந்தார்கள்.

பெரியவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "1916-இல் அவர் ஃபெர்ராராவில் அல்லவா இருந்தார்? அங்கே பிஸ்கட்டைத்தானே வரைந்துகொண்டிருந்தார்" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். 1915-இல் இத்தாலி முதல் உலகப் போரில் இறங்கியதும் கீரிகோவும் தம்பி ஆந்திரேயாவும் (ஆல்பெர்தோ சவீனியோ என்ற பெயரில் எழுதியவர், பின்னாளில் ஓவியரும் ஆனவர்) பாரிசிலிருந்து திரும்பி ராணுவத்தில் சேர்ந்தார்கள், வட இத்தாலியில் இருக்கும் ஃபெர்ராரா என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். வெறிச்சோடிய சதுக்கங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தியவை. 1910-இல் ஃபிளாரன்ஸில் சாந்தா குரோச்சே சதுக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எல்லாவற்றையும் முதல் தடவையாகப் பார்ப்பது போல அவருக்குத் தோன்றியதில் ஆரம்பித்து, பாரிஸ் வருஷங்களில் வளர்ந்த உலகம் அது. ஃபெர்ராராவில் படங்கள் பெரும்பாலும் அறைக்குள் போய்விட்டன. மூலைமட்டம், வரைபடம், யூதர் தெருக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்த பிஸ்கட்டுகள், பிறகு முகமில்லாத தையற்கடைப் பொம்மைகள். அதனால் ஒரு சதுக்கத்தின் மூலையில் 1916 என்று பார்த்ததும் விஷயம் தெரிந்தவருக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. சிரித்தேன் என்று நினைக்கிறேன். பக்கத்தில் பத்து, பதினொரு வயதுப் பேத்தி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தாள், படத்தின் பெயரை எழுதி, கீழே 1916 என்று எழுதினாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பெரியவர் என் சட்டையில் இருந்த அட்டையைப் பார்த்தார், என் பெயரைப் படித்திருப்பார், பிறகு முகத்தைப் பார்த்தார், ரொம்பக் கனிவாக "கிராத்சியே" என்று நன்றி சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

அந்தக் கனிவுதான் இன்னும் குத்துகிறது. எங்கிருந்தோ வந்து இங்கே காவலுக்கு நிற்கிறவன், பாவம், இவனுக்கு எப்படித் தெரியும் என்று அவர் நினைத்திருப்பார். வேறு நாளாக இருந்தால் அந்தப் பார்வைக்கு எனக்குக் கோபம் வந்திருக்கும். பதினைந்து வருஷமாக இந்த ஊரில் அந்தப் பார்வையோடுதான் மல்லுக்கட்டுகிறேன். அன்றைக்கு மட்டும் அதற்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். தெரியாதவனாக நிற்பது அந்த நிமிஷத்துக்கு வசதியாக இருந்தது.

என் பக்க நியாயமும் இருக்கிறது. மணிக்கணக்குக்குக் கூலி வாங்கும் ஒப்பந்த வேலை, அடுத்த கண்காட்சிக்குக் கூப்பிடுவார்களா இல்லையா என்பது இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது. தவிர, அந்த வருஷத்தை நானா எழுதினேன்? வரைந்தவர் எழுதினார். தன் படங்களைத் தானே திரும்பத் திரும்ப வரைவதில் கீரிகோவுக்குக் கூச்சமே இருந்ததில்லை. 'அமைதியைக் குலைக்கும் கலைத்தேவதைகள்' படத்துக்கு 1924-லேயே கவிஞர் எலுவாருக்காக ஒரு பிரதி செய்தார், 1945-க்கும் 1962-க்கும் இடையில் மட்டும் அதே படம் 18 தடவை. அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் அந்தப் பிரதிகளைப் பார்த்து மனம் பறிகொடுத்து 1982-இல் தானே ஒரு வரிசை செய்தார். ஒரு பாடகர் அதே கீர்த்தனையை மறுபடி பாடினால் யாரும் திருட்டு என்று சொல்வதில்லையே.

ஆனால் பாடகர் இன்றைக்குப் பாடியதை முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்திய கச்சேரி என்று சொல்ல மாட்டார். பிரதி எடுப்பது வேறு, பழைய தேதி போடுவது வேறு.

கீரிகோ ஏன் பழைய தேதி போட்டார் என்றும் யோசித்துப் பார்த்தால் மனசு இளகிவிடுகிறது. பஸ்ஸில் போகும்போது கடைக் கண்ணாடியில் அவர் படத்தைப் பார்த்து இறங்கி ஓடிய அதே பிரெஞ்சுக் கவிஞர் பிரெத்தோன், 1919-க்குப் பிறகு கீரிகோ பழைய ஓவியர்களின் கைத்திறனைப் பிடித்துக்கொண்டு போனதும் அவரைத் தூக்கிப் போட்டுவிட்டார். இளமையில் ஏழெட்டு வருஷம் வரைந்ததுதான் வேண்டும், அதற்குப் பின்னால் ஐம்பது, அறுபது வருஷம் உழைத்தது வேண்டாம் என்று உலகம் சொன்னால், உயிரோடு இருக்கும்போதே ஒருவரைச் செத்துப்போனவராக நடத்துவது போலத்தான். சரி, உங்களுக்கு வேண்டியது அந்த வருஷம்தானே, வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்திருப்பார். இந்த இடம் வரைக்கும் வந்தால் நான் சொன்ன பதில் சரிதான் என்று தோன்றும், அவர் பக்கம் நின்றேன் என்றுகூடத் தோன்றும்.

அப்புறம் கார்லோ கர்ரா என்ற இன்னொரு இத்தாலிய ஓவியர் நினைவுக்கு வந்துவிடுகிறார். அடுத்த அறையே அவருடையதுதான். 1917-இல் ஃபெர்ராராவுக்கு வெளியே வில்லா தெல் செமினாரியோ என்ற ராணுவ மருத்துவமனையில் இருவரும் சில மாதம் அருகருகே இருந்து வரைந்தார்கள். தையற்கடைப் பொம்மையும் வரைபடமும் கர்ராவின் படத்துக்குள் வந்தன. அந்த டிசம்பரிலேயே கர்ரா மிலானில் அவற்றைக் காட்சிக்கு வைத்துவிட்டார். கீரிகோவின் தனிக் கண்காட்சி ரோமில் நடந்தது 1919 பிப்ரவரியில்தான். அதே 1919-இல் கர்ரா இந்த மாதிரி ஓவியத்தைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார், அதில் கீரிகோவின் பெயர் இல்லை. வாழ்நாள் பூராவும் கீரிகோ அந்தக் காயத்தைச் சுமந்தார். (ஓவியர் மொராந்தி மட்டும் பொலோன்யா ஊரில் தன் வீட்டில் இருந்தபடி 1918, 1919-இல் சில படங்கள் இப்படி வரைந்துவிட்டுச் சத்தமில்லாமல் தன் பாட்டில் படங்களுக்குத் திரும்பிவிட்டார். அவர் அறையில் காவல் இருக்கும் நாட்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.)

யார் முதலில், எந்த வருஷத்தில் என்பது கீரிகோவுக்கு அவ்வளவு பெரிய விஷயம். தனக்கு அநியாயம் நடந்ததற்கு அவர் காட்டிய சாட்சியே தேதிகள்தான். அவர் கையாலேயே ஒரு தேதி பொய்யானால் கூட நிற்கும் மற்றத் தேதிகளின் மேலும் சந்தேகம் விழாதா? பொய்த் தேதிக்குத் துணை போனதில் நான் அவர் பக்கம் நின்றேனா, கர்ரா பக்கம் நின்றேனா என்றுகூட எனக்குப் புரியவில்லை.

எப்படிச் சுற்றினாலும் கடைசியில் அந்தப் பெரியவரிடமே வந்து நிற்கிறேன். ஒன்று ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. பிஸ்கட்டைப் பற்றித் தெரிந்தவர் தனக்குத் தெரிந்துகொள்ளவா கேட்டிருப்பார்? அங்கே வேலை செய்கிற ஒருவன் வாயிலிருந்து, "இல்லை பாப்பா, அவர் இதைப் பிற்பாடுதான் வரைந்தார், வருஷத்தை மட்டும் முன்னால் தள்ளிப் போட்டுவிட்டார், ஏன் தெரியுமா" என்று அந்தப் பிள்ளை கேட்கட்டும் என்று நினைத்திருப்பார். அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல அதைவிட நல்ல கதை கிடையாது. எனக்கு அது முழுக்கத் தெரியும், இத்தாலியனில் சொல்லவும் வரும்.

புத்தகம் இரண்டடி தூரத்தில் பெஞ்சின் மேல் கிடந்தது. வாயைத் திறக்காமல் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டியிருக்கலாம், யாரும் என்னைக் கேட்டிருக்க மாட்டார்கள். மறுநாளிலிருந்து கண்காட்சி முடியும் வரைக்கும் காலையில் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன், அந்தப் பக்கத்தைப் பிரித்து வைப்பது. சாயங்காலம் சுத்தம் செய்ய வருகிறவர் மூடி அடுக்கிவிட்டுப் போவார், மறுபடி பிரிப்பேன். யாராவது படித்தார்களா என்று தெரியாது, பெரியவரும் பேத்தியும் திரும்ப வரவில்லை. அவள் அந்த வருஷத்தைப் பென்சிலால் எழுதினாளா பேனாவால் எழுதினாளா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை.