புது லேப்டாப்பில் உபுண்டு: அரை மணி நேர வேலை, நான்கு நாள் அலைச்சல்

பழைய லேப்டாப்பில் ஏழெட்டு வருடமாக, விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸ்தான். பென் டிரைவில் ஏற்றுவது, விண்டோஸைச் சுருக்கி இடம் ஒதுக்குவது எல்லாம் கை பழகிய வேலை. அதனால் புது லேப்டாப் வந்த மறுநாளே, விண்டோஸ் 11-க்குப் பக்கத்தில் உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் வகையைப் போட உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தப்பு என்னுடையது. பழைய பழக்கத்தில் பயாஸுக்குள் (லேப்டாப்பின் அடிப்படை அமைப்புத் திரை) போய், கையொப்பமில்லாத நிரலைத் துவங்க விடாத செக்யூர் பூட் வசதியை அணைத்தேன். அப்புறம் விண்டோஸைத் திறந்தால் நீலத் திரை: பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவி கொடு, 48 இலக்கம். நான் எந்தப் பூட்டும் போடவில்லையே! தேடிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. இப்போது வரும் லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது. என் கணக்கில் பார்த்தேன், இல்லை. "எல்லாம் செட் பண்ணித் தர்றோம் சார்" என்ற கடைத் தம்பி தன் மெயில் ஐடியைப் போட்டு, எனக்கு நான்கு இலக்கப் பின் நம்பரை மட்டும் கொடுத்திருந்தார். நானும் தலையாட்டிவிட்டு வாங்கி வந்திருக்கிறேன்.

இரண்டு பஸ் மாறிக் கடைக்குப் போனேன். தம்பி லீவு, போனை எடுக்கவில்லை. கல்லாவில் இருந்தவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "லினக்ஸ் எல்லாம் போட்டா வாரன்டி போயிடும் சார்" என்றார். நான் கேட்டது அதுவா?

திரும்பும் பஸ்ஸில்தான் உறைத்தது. டிஸ்க்கின் சாவியை வைத்திருப்பது போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு. செக்யூர் பூட் நிலை மாறியதைப் பார்த்துத்தான் அது சாவியைத் தர மறுக்கிறது. பழையபடி வைத்தால்? வீட்டுக்கு வந்ததும் செக்யூர் பூட்டை மறுபடி ஆன் செய்தேன். விண்டோஸ் ஒன்றுமே நடக்காதது போலத் திறந்துகொண்டது. இதில் பெரிய வயிற்றெரிச்சல், உபுண்டுவுக்கு செக்யூர் பூட்டை அணைக்கவே தேவையில்லை என்பதுதான். அதன் துவக்க நிரல் முறைப்படி கையொப்பமிட்டே வருகிறது.

எனவே புதிதாக வாங்குபவர்கள் கடையில் பெட்டியைப் பிரிக்கவே விடாதீர்கள். கணக்கை வீட்டில் நீங்களே தொடங்குங்கள். பயாஸில் கை வைக்கும் முன் 48 இலக்கத்தையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற அந்த டிஸ்க் பூட்டையே அணைத்துவிடுங்கள். நான் அணைத்தேன். தம்பியின் கணக்கையும் நீக்கிவிட்டு, எனக்கென்று பாஸ்வேர்டோடு ஒரு உள்ளூர்க் கணக்கை உருவாக்கினேன்.

அந்த பாஸ்வேர்டு அடுத்த சிக்கலிலேயே கைகொடுத்தது. உபுண்டு இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டி டிஸ்க் கண்ணிலேயே படவில்லை. பயாஸில், டிஸ்க்கைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளும் இன்டெல் விஎம்டி ஆனில் இருந்தால் இப்படி ஆவதுண்டு. (சில ஏசர் மாடல்களில் அந்த வரியே மறைந்திருக்கும், மெயின் பக்கத்தில் கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால் தலைகாட்டும்.) அவசரப்பட்டு அணைத்தால் விண்டோஸ் எழுந்திருக்காது. முதலில் விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் சேஃப் பூட் (குறைந்தபட்ச டிரைவர்களோடு திறக்கும் சேஃப் மோடுக்கான தேர்வு) என்பதை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், அப்படியே பயாஸுக்குள் போய் விஎம்டியை அணையுங்கள், சேஃப் மோடில் ஒருமுறை திறந்த பிறகு டிக்கை எடுங்கள். சேஃப் மோடில் புதுக் கணக்கின் பின் நம்பர் செல்லவில்லை, பாஸ்வேர்டுதான் கேட்டது. தம்பியின் கணக்கோடு இருந்திருந்தால் மறுபடி இரண்டு பஸ்.

இன்ஸ்டால் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் வைஃபை இல்லை. உள்ளே இருந்த வைஃபை கார்டுக்கு, உபுண்டுவின் மைய நிரலான 6.8 கர்னலில் டிரைவர் கிடையாது. போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டு இரண்டு நாள் ஓட்டினேன். அப்புறம் இன்டெல் ஏஎக்ஸ்210 கார்டு வாங்கி மாட்டினேன். கடையில் ஏஎக்ஸ்211-ஐ நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். பெயர்தான் பக்கத்துப் பெயர், அது அதற்கென்றே ஆன இன்டெல் போர்டுகளில் மட்டும்தான் ஓடும்.

விண்டோஸ் பக்கம் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்தது. உபுண்டு போர்டின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை நம்மூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. உபுண்டுவில் ஒரு வரிக் கட்டளையில் சரியாயிற்று. கைரேகை சென்சார் மட்டும் இன்னும் வேலை செய்யவில்லை. செய்யாவிட்டால் போகட்டும், அதற்காக மறுபடி பயாஸுக்குள் போவதாக இல்லை.