மண்ணெண்ணெய் மானியம் கொடுத்தால் மீன் கூடுமா? விரிதாளில் போட்டுப் பார்ப்போம்

பொருளாதாரமும் சூழலும் சேர்ந்த மாதிரியாக்கம் படிக்க வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் நாடு தழுவிய காலநிலை மாதிரிக்குள் இறங்க வேண்டாம். திருகோணமலையில் இருப்பவருக்குக் கடல் கிட்ட இருக்கிறது. ஒரு குடா, ஒரு மீன், ஒரு விரிதாள் போதும். கேள்வியும் ஊரிலேயே கிடக்கிறது: 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனது. அந்த வித்தியாசத்தை அரசு மானியமாகக் கொடுத்தால் என்ன நடக்கும்?

இதற்குக் கோர்டன்–ஷேஃபர் மாதிரி போதுமானது. பொருளியலாளர் கோர்டனும் மீன்வள உயிரியலாளர் ஷேஃபரும் 1954இல் தனித்தனியே எழுதியவற்றின் சேர்க்கை அது. அடுத்த வருட மீன் இருப்பு என்பது இவ்வருட இருப்போடு வளர்ச்சியைக் கூட்டிப் பிடிப்பைக் கழித்தது. வளர்ச்சி = வளர்ச்சி வீதம் × இருப்பு × (1 − இருப்பு ÷ தாங்குதிறன்). தாங்குதிறன் என்பது யாரும் பிடிக்காவிட்டால் கடல் தாங்கும் உச்ச இருப்பு. பிடிப்பு = பிடிதிறன் குணகம் × படகு-நாள் × இருப்பு. படகு-நாள் என்பது ஒரு படகு ஒரு நாள் கடலுக்குப் போவது; குணகம், அப்படி ஒரு நாளில் இருப்பில் எத்தனை பங்கு பிடிபடுகிறது என்பது.

எண்கள் கணக்குக்காக எடுத்தவை, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் அளந்தவை அல்ல. தாங்குதிறன் 1,000 தொன், வளர்ச்சி வீதம் 0.4, குணகம் 0.0002, மீன் கிலோ 600 ரூபாய், படகு-நாளுக்குச் செலவு 24,000 ரூபாய். முதலில் படகு-நாளைப் பூச்சியமாக்கி, இருப்பை 300இல் தொடங்கி ஓடவிடுங்கள். 1,000இல் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அடைப்புக்குறி எங்கோ பிழை.

பிறகு 1,600 படகு-நாள். தொடாத கடலில் முதல் வருடப் பிடிப்பு 320 தொன், அடுத்தது 218, அதற்கடுத்தது 176. இப்படியே வழுகி 64 தொன்னில் நிற்கும். முதல் மூன்று வருடத்தைப் பார்த்துத் திட்டம் போட்டால் கதை கந்தல். அந்த 64 தொன்னில் வரவும் செலவும் தலா 3.84 கோடி, இலாபம் பூச்சியம். வருகிறவரைத் தடுக்க எதுவும் இல்லாத கடலில் படகுகள் வந்து நிற்கும் இடம் இதுதான். 800 படகு-நாளாகக் குறைத்தால் பிடிப்பு 96 தொன், இலாபம் 3.84 கோடி. பாதி உழைப்புக்கு ஒன்றரை மடங்கு மீன்.

இனி மானியம். நாளுக்கு 25 லீற்றர் எரிக்கும் படகுக்கு விலை வித்தியாசம் 6,325 ரூபாய்; 6,000 என்று வைத்துச் செலவை 18,000 ஆக்குங்கள். கடல் திறந்தே கிடந்தால் இலாபம் மறுபடி பூச்சியமாகும்வரை படகு-நாள் 1,700க்கு ஏறும், இருப்பு 200இலிருந்து 150க்கு இறங்கும், பிடிப்பு 51 தொன்னாகும். காசும் போய் மீனும் குறைகிறது. ஆனால் அனுமதிப்பத்திரத்தால் படகு-நாள் 800இல் உண்மையாகவே நிறுத்தப்பட்டிருந்தால் அதே மானியம் இலாபத்தை 4.32 கோடியாக்கும். ஆகவே மானியம் வேண்டுமா வேண்டாமா என்று வாதிடுவதற்கு முன், புதுப் படகு வரலாமா கூடாதா என்பதைத் தீர்க்க வேண்டும். அந்த 800 யாருடைய நாள்கள், உள்ளூர் வள்ளமா, சோளகக் காலத்தில் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி போடுகிறவர்களா என்பதை மாதிரி சொல்லாது. அது அரசியல்.

பிழைகள் வரும் இடங்கள் சில. குணகத்தைப் படகு-நாளால் பெருக்கியது 1ஐத் தாண்டினால் இருக்கிற மீனைவிடக் கூடப் பிடித்ததாகி இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போகலாம். வருடத்துக்கு ஒருமுறை கணக்கிடுவதை மாதத்துக்கு ஒருமுறையாக்குங்கள். வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது படகு-நாள் விழுவதையும் மாதக் கணக்குதான் காட்டும். செலவில் கூலியை விடுவது அடுத்த தவறு. பிடிப்பில் பங்கு கொடுக்கும் முறையில் சம்பளச் சீட்டு இல்லை என்பதால் உழைப்பு இலவசமாகிவிடாது; படகில் போகிறவர் அன்று வேறு வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலியைச் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பொல்லாதது தரவு. நாளொன்றுக்கான பிடிப்பு குறையவில்லை, ஆகவே மீன் இருக்கிறது என்பார்கள். சூடை, கீரி போன்றவை கூட்டமாகத் திரிபவை. கடலில் பாதி மீன் குறைந்தாலும் மிஞ்சியவை ஒன்றுகூடியே நிற்கும். சுருக்குவலைக்காரர் கூட்டத்தைத் தேடிப் பிடித்து வளைத்தால் வலை முன்போலவே நிறையும். கூட்டத்தைத் தேடிப் போகாமல் கரையிலிருந்தே இழுக்கும் கரைவலையின் பதிவு இருந்தால் அதைத் தனியாக வைத்து ஒப்பிடுங்கள். இரண்டையும் ஒரே நிரலில் கூட்டினால் குணகம் அர்த்தமற்றுப் போகும்.

இன்னொன்று: பல வருடமாகப் படகு கூடிக்கொண்டே, பிடிப்பு குறைந்துகொண்டே வந்த தரவுக்கு, பெரிய தாங்குதிறனும் மெதுவான வளர்ச்சியும் பொருந்தும், சிறிய தாங்குதிறனும் வேகமான வளர்ச்சியும் ஏறக்குறைய அதேயளவு பொருந்தும். தீர்வு காணும் மென்பொருள் இதில் ஒன்றை மட்டும் எடுத்துத் தசமத்தோடு நீட்டும். இரண்டு சோடியையும் முழுதாக ஓடவிட்டு, 800 படகு-நாள் என்பதற்குப் பதில் 600 முதல் 1,000 வரை என்பதுபோல எழுதிக் கொடுங்கள்.