செகண்ட் ஹேண்ட் டீசல் ஸ்விஃப்ட் வாங்கிய அனுபவம்

வீடு மதுரையில், வேலை திண்டுக்கல்லில். போக வர தினமும் 120 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். இந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல் கட்டுப்படியாகாது என்றுதான் பழைய டீசல் கார் தேடினேன். கடைக்கும் கோயிலுக்கும் போய்வர மட்டும் கார் வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம் என்பேன்.

2014 மாடல் மாருதி ஸ்விஃப்ட் வி.டி.ஐ. (டீசல் ஸ்விஃப்ட்) என்று முடிவு செய்ததற்குக் காரணம் அதன் 1,248 சிசி இன்ஜின். ஃபியட்டின் மல்டிஜெட் அது. மாருதியில் டி.டி.ஐ.எஸ்., டாடாவில் குவாட்ராஜெட் என்று பெயர் மாறி எத்தனையோ வண்டிகளில் ஓடியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி டீசலையே விட்டுவிட்டது. ஆனால் ஸ்பேருக்கும் மெக்கானிக்குக்கும் இன்றும் பஞ்சமில்லை. டிசையரிலும் இதே இன்ஜின்தான். டாக்ஸியாக ஓடித் தேய்ந்து ஓன் போர்டுக்கு (சொந்த உபயோகப் பதிவுக்கு) மாறியவை அதில் நிறைய என்பதால் தொடவில்லை. டெல்லி வண்டி மலிவாக வருகிறது என்றார் ஒரு புரோக்கர். அங்கே அப்போது பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்குக் கெடுபிடி இருந்தது, அதனால்தான் மலிவு. இங்கே கொண்டுவந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), வரி, புது நம்பர் என்று அலைந்தால் அந்த மலிவு காணாமல் போய்விடும்.

வண்டி பார்க்கப் போகும்போது நான் விடாப்பிடியாகக் கேட்டது ஒன்றுதான்: காலையில் நான் வரும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. போனதும் பானெட்டைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். சூடான டீசல் இன்ஜின் எல்லாமே நல்ல இன்ஜின் மாதிரிதான் தெரியும். குளிர்ந்த நிலையில் கிளப்பும்போதுதான் இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினின் சத்தம் கேட்கும். ஆயில் ஒழுங்காக மாற்றாத வண்டியில் இந்த செயின் நீண்டுபோய் கடகடவென்று அடிக்கும். அப்புறம் புகை. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்து வைத்தால் குபுகுபுவென்று புகை தள்ளக் கூடாது. 2,000 ஆர்.பி.எம். தாண்டும்போது டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் பாகம்) இழுப்பது முதுகில் தெரிய வேண்டும். ஓடிய கிலோமீட்டரை மட்டும் மீட்டரைப் பார்த்து நம்பவில்லை. கம்பெனி சர்வீஸில் இருந்த பழைய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.

வண்டி சரியாக இருந்தது, காகிதம்தான் இழுத்தடித்தது. கடனை எப்போதோ அடைத்துவிட்டேன் என்றார் விற்றவர். அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்தால் ஆர்.சி.யில் இன்னும் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. அவர்களிடம் என்.ஓ.சி.யும் ஆர்.சி.யிலிருந்து கடனை நீக்கும் படிவம் 35-இல் கையெழுத்தும் வாங்குவதற்குள் அண்ணனுக்கும் எனக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. அது முடியும்வரை பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருந்தேன். விற்றவருக்கு வருத்தம்தான், ஆனால் வேலை நடந்ததே அதனால்தான். அதன் பிறகு படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்றம் சுலபமாக முடிந்தது. இன்ஷூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) பழைய ஓனரோடு போய்விடும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய கையோடு ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் நான்கையும் மாற்றினேன். டீசல் ஃபில்டரில் மிச்சம் பிடிக்கவே கூடாது. டீசலில் தண்ணீர் கலந்து, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போனால் செலவு தாங்காது. நாற்கர சாலையில் விரட்டிவிட்டு வந்தால் அரை நிமிடமாவது ஐடிலில் விட்டுத்தான் ஆஃப் செய்கிறேன், டர்போவுக்காக.

சில மாதம் கழித்து வண்டி இழுவை குறைந்து கரும்புகை கக்கியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் டர்போ போச்சு, மாற்றணும் என்றார்கள். சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய பைக்கே வாங்கலாம். சந்தேகப்பட்டு, முன்பு லாரி வேலை பார்த்த நம்ம மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஆக்ஸிலேட்டரைக் கொடுக்கச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டார். டர்போவிலிருந்து காற்று போகும் ஹோஸில் கிழிசல். டர்போ அமுக்கும் காற்று அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ஹோஸை மாற்றி, கையோடு இ.ஜி.ஆர். வால்வில் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு) படிந்த கரியையும் துடைத்துக் கொடுத்தார். அதிலிருந்து இழுவை பற்றி ஒரு புகாரும் இல்லை. இப்போது கிளட்ச் கொஞ்சம் மேலே பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் அதை மாற்றிவிட வேண்டும்.